கப்பல் டிக்கெட்டை யாரிடம் வாங்குவது?

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 2009ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர். தற்போது அமெரிக்காவில் சியாட்டில் அருகே பொறியாளராகப் பணிபுரிகிறார்.)



சாப்பாட்டுக்கு அப்புறம் பேச வருகிறவனுக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். நம்ம தெர்மோடைனமிக்ஸ் வகுப்பு மூன்றரை மணிக்குத்தான் இருந்தது. எனவே தூங்குபவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் வேண்டாம்.

எங்கள் பேட்ச் குடும்பத்தோடு ஒரு கப்பல் பயணம் போவதென்று முடிவு செய்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சிங்கப்பூரில் ஏறி, நாலைந்து நாள் கடலில் இருந்துவிட்டு, சிங்கப்பூரிலேயே இறங்குவது. போவதா வேண்டாமா என்பதில் சண்டை இல்லை. டிக்கெட்டை நாமே கப்பல் கம்பெனியிடம் நேராக எடுப்பதா, டிராவல் ஏஜென்ட்டிடம் கொடுப்பதா என்பதில்தான் மூன்று மாதமாக அடிதடி. சிவில்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். செயலாளர் கடைசியில், "நீதான் ரெண்டு விதத்திலும் அடிபட்டவன், நீயே வந்து சொல்லு" என்றார். அதனால்தான் இந்த உரை. அடிபட்ட கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவும் வந்திருக்கிறார்கள். 2018ல் இருவரும் முதன்முறையாக அமெரிக்கா வந்தார்கள். அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை, பனிப்பாறையைக் கண்ணால் பார்க்கவேண்டும். நயாகரா வேண்டாம், டிஸ்னி வேண்டாம், ஐஸ்தான் வேண்டும் என்றார். சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குக் கோடை முழுக்கக் கப்பல் போகிறது. ஏழு நாள். நான் பொறியாளன் இல்லையா? ஏஜென்ட் எதற்கு, இடைத்தரகர் எதற்கு, எல்லாம் நமக்கே தெரியும் என்று கம்பெனியின் தளத்தில் நானே உட்கார்ந்து ராத்திரி பதினோரு மணிக்கு டிக்கெட் எடுத்தேன். எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் ஒரு அறை, அப்பா அம்மாவுக்கு ஒரு அறை. ஐயாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 'தேவையான பயண ஆவணங்கள் என்னிடம் உள்ளன' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்தேன். அந்தக் கட்டத்தை யார் சார் படிக்கிறார்கள்?

கிளம்புகிற நாளன்று அப்பா மங்கிக் குல்லாவோடு தயாராக நிற்கிறார். ஜூலை மாத வெயில். அம்மா ஏழு நாளைக்கும் சேர்த்துப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துக்கொண்டாயிற்று. கப்பல்துறை 91ல் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனோம். அந்தப் பெண்மணி அப்பாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், மறுபடி புரட்டினார், "கனடா விசா எங்கே?" என்றார்.

அலாஸ்கா அமெரிக்கா, சியாட்டில் அமெரிக்கா. கனடா எங்கிருந்து வந்தது? வந்தது எப்படி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1886ல் ஒரு சட்டம் போட்டார்கள். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, நடுவில் வெளிநாட்டைத் தொடாமல், அமெரிக்கத் துறைமுகங்களையே சுற்றிக் காட்டிவிட்டு வரமுடியாது. உள்நாட்டுக் கப்பல்காரர்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம். இன்றைக்குப் பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா என்று எங்கெங்கோ பதிவானவை. அமெரிக்கக் கொடியோடு ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் 'ப்ரைட் ஆஃப் அமெரிக்கா' மாதிரி ஒன்றுதான் விதிவிலக்கு. ஆகவே சியாட்டில் கப்பல்கள் சட்டத்துக்காகக் கனடாவில் விக்டோரியா என்ற ஊரில் கடைசி நாள் சாயங்காலம் ஒரு சில மணி நேரம் நிற்கும். கொரோனா காலத்தில் கனடா துறைமுகத்தை மூடியபோது இதே சட்டத்தால் அலாஸ்காவுக்குக் கப்பலே போகமுடியாத நிலை வந்து, 2021 மே மாதம் தற்காலிகமாகத் தனிச் சட்டம் போட்டுத்தான் விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் மனைவிக்கும் கனடா விசா இருந்தது. வான்கூவர் மூன்று மணி நேர டிரைவ், அடிக்கடி போவோம். மகன் அமெரிக்கக் குடிமகன். அதனால் எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. நான் வாதாடினேன். "இவங்க விக்டோரியாவில இறங்கவே மாட்டாங்க, ரூம்லயே இருப்பாங்க" என்றேன். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கப்பல் கனடாவுக்குள் போகிறது, பயணிக்கு விசா வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்மணி மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். அம்மா, "என்னடா, ஏதாவது பிரச்சினையா?" என்கிறார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஐந்து பேரும் திரும்பினோம். வரியும் துறைமுகக் கட்டணமும் மட்டும் திரும்பி வந்தன. டிக்கெட் பணம் அவ்வளவும் போச்சு. கடைசி நாளில் ரத்து என்றால் நூற்றுக்கு நூறு அபராதம். இன்ஷூரன்ஸும் உதவாது, ஆவணம் இல்லாமல் போனது நம் தப்பு. சாயங்காலம் மலைமேல் ஒரு பூங்காவில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். கீழே கப்பல் போவது தெரிந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "விடுப்பா. மனுவில ஒரு பேப்பர் குறைஞ்சா திருப்பித்தான் அனுப்புவான். சர்வீஸ் கனெக்ஷன் கேட்டு வந்தவங்களை நானே எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கேன்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

இதிலிருந்து ஏஜென்ட் கட்சிக்காரர்கள் கை தட்ட ஆரம்பிக்கிறார்கள் என்று தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், உங்கள் கதையும் வருகிறது.

டெக்சாஸில் இருக்கும் நம் ஈசிஇ நண்பர் ஒருவர், பெயர் சொன்னால் உதைப்பார், 2020 வசந்த காலத்துக்கு கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு கரீபியன் பயணம் எடுத்திருந்தார். ஏஜென்ட் மூலமாக. கொரோனா வந்தது. 2020 மார்ச் மாதம் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கப்பல் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. கம்பெனி பணத்தைத் தருகிறேன் என்றது. நண்பர் கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்கள் புக்கிங் ஏஜென்ட் பெயரில் இருக்கிறது, நாங்கள் உங்களோடு பேசமுடியாது, அவரைப் பேசச் சொல்லுங்கள்" என்கிறார்கள். ஏஜென்ட்டுக்குப் போன் செய்தால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைவிட மோசம், அவர் கார்டில் பணம் பிடித்தது கப்பல் கம்பெனி அல்ல, ஏஜென்ட். கம்பெனி திருப்பிக் கொடுத்த பணம் ஏஜென்ட் கணக்கில் போய் உட்கார்ந்தது. கார்டு பாங்கில் புகார் செய்து, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, பல மாதம் கழித்துத்தான் வாங்கினார். நேராக எடுத்தவர்களுக்கும் அந்த வருஷம் தாமதம் ஆகத்தான் செய்தது. ஆனால் அவர்களுக்குக் கதவைத் தட்ட ஒரு வாசல், இவருக்கு ரெண்டு வாசல், ரெண்டும் பூட்டு.

ஆக, விலையைப் பற்றிப் பேசுவோம். பெரும்பாலான சண்டை அதில்தான், அதுவும் தப்பான இடத்தில். நம்மாட்கள் எல்லோரும், "ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுப்பதற்குப் பதில் நாமே எடுத்தால் அந்தக் கமிஷன் மிச்சம்" என்று நினைக்கிறார்கள். விமான டிக்கெட்டில் அப்படித்தான் பழகியிருக்கிறோம். அமெரிக்க விமானக் கம்பெனிகள் 1995ல் ஏஜென்ட் கமிஷனுக்கு உச்சவரம்பு போட்டன, 2002ல் அடிப்படைக் கமிஷனையே எடுத்துவிட்டன. கப்பல் கம்பெனிகள் அப்படிச் செய்யவில்லை. இன்றும் அடிப்படைக் கட்டணத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ ஏஜென்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கிறது. துறைமுகக் கட்டணம், வரி இவற்றுக்குக் கமிஷன் கிடையாது. நாம் நேராக எடுத்தால் அந்தப் பத்து சதவீதத்தை நமக்குக் குறைக்கிறார்களா? இல்லை. கம்பெனி வைத்துக்கொள்கிறது. பொதுவாக அறை விலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அப்படியானால் ஏஜென்ட் தன் கமிஷனில் நமக்குக் கொஞ்சம் தள்ளலாமே என்று நம்ம அக்கவுண்ட்ஸ் மூளை உடனே கேட்கும். கமிஷனில் பங்கு கொடுத்து விலையைக் குறைத்து விளம்பரம் செய்வதைப் பல கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே ஏஜென்ட்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கப்பலுக்குள் செலவழிக்க ஐம்பது நூறு டாலர் கிரெடிட் போட்டுத் தருவார்கள், டிப்ஸை அவர்களே கட்டுவார்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், கோயம்பேட்டில் தக்காளிக்குப் பேரம் பேசுகிற ஜாதிதானே நாம்.

நேராக எடுப்பதிலும் லாபம் உண்டு, அதை மறைக்கமாட்டேன். கப்பல் அறை விலை நிலையானது இல்லை, ஷேர் மார்க்கெட் மாதிரி ஏறும் இறங்கும். முழுப் பணம் கட்டவேண்டிய நாள் சுமார் மூன்று மாதத்துக்கு முன்னால் வரும். அதற்குள் விலை இறங்கினால் பல கம்பெனிகள், கேட்டால் குறைந்த விலைக்கு மாற்றித் தரும். நேராக எடுத்தவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூடப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளலாம். ஏஜென்ட்டிடம் எடுத்தவன் திங்கட்கிழமை காலைக்குக் காத்திருக்கவேண்டும், அதற்குள் விலை திரும்ப ஏறியிருக்கும். நல்ல ஏஜென்ட் தானே பார்த்து மாற்றுவார். சோம்பேறி ஏஜென்ட் மாற்றமாட்டார், விலை குறைந்தால் அவர் கமிஷனும் குறையுமே! இன்னொன்று, சில ஏஜென்ட்கள் ரத்து செய்தால் கம்பெனி அபராதத்துக்கு மேல் தங்கள் பங்குக்கும் ஒரு கட்டணம் பிடிப்பார்கள். அது அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. நேராக எடுத்த புக்கிங்கை, பல கம்பெனிகளில், எடுத்த சில வாரங்களுக்குள், முழுப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு ஏஜென்ட் பெயருக்கு மாற்றலாம். திரும்பிவருவது மட்டும் சுலபமில்லை.

இனி என் இரண்டாவது பயணம். 2023ல் அப்பா அம்மா மறுபடி வந்தார்கள். இந்த முறை சென்னையிலேயே கைரேகை கொடுத்து, கனடா விசா வாங்கிக்கொண்டுதான் விமானமே ஏறினார்கள். இடையில் ஐந்து வருஷம் போய்விட்டது. 2018ல் அம்மா என்னைவிட வேகமாக நடந்தார்கள். 2023ல் இரண்டு முழங்காலும் போய், கைத்தடியோடு வந்தார்கள். நான் டிக் அடித்த ஒரு கட்டத்தின் விலை ஐயாயிரம் டாலர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் அம்மா சக்கர நாற்காலியில் வெளியே வந்தபோதுதான் சரியான கணக்குத் தெரிந்தது.

இந்த முறை ஏஜென்ட்டிடம் போனேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார், வீட்டிலிருந்தே தொழில் செய்பவர். கலிபோர்னியா, ஃப்ளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் பயணம் விற்பவர் அரசிடம் பதிவு செய்திருக்கவேண்டும். அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் முதலில் விலையே பேசவில்லை. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் எந்த நாடு என்று கேட்டார். அமெரிக்க விசா பல முறை நுழையக்கூடியதா, ஏனென்றால் விக்டோரியாவிலிருந்து திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள் என்றார். அப்புறம், "உங்கள் அம்மா எத்தனை படி ஏறுவார்?" என்றார். நான் ஐந்தாறு என்றேன். கரைக்கு நேராகக் கட்டாமல் சின்னப் படகில் இறக்குகிற இடங்கள் உள்ள பயணம் வேண்டாம் என்று அதைக் கழித்தார். லிஃப்டுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில், ஆட்டம் குறைவான தளத்தில் அறை பார்த்தார்.

அடுத்து, "என்ன பார்க்க வருகிறார்கள்?" என்று கேட்டார். ஐஸ் என்றேன். "எந்த ஐஸ்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2018ல் நான் எடுத்த பயணம் கிளேசியர் பே என்கிற அந்தப் பெரிய பனிப்பாறை வளைகுடாவுக்குள் போகவே போகாதாம். அது தேசியப் பூங்கா. நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். அனுமதி உள்ள கம்பெனிகளும் எல்லாப் பயணத்திலும் போவதில்லை. 'அலாஸ்கா' என்று போட்டிருக்கிறதே என்று நான் எடுத்துவிட்டேன். இதெல்லாம் தளத்தில் இல்லாமல் இல்லை, எல்லாம் இருந்தது. கேள்வி கேட்கத் தெரிந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. எனக்குக் கேட்கத் தெரியவில்லை, அந்த அம்மையாருக்குத் தெரிந்தது. கமிஷன் அந்தக் கேள்விகளுக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பூங்கா வனக் காவலர்கள் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள். 1794ல் வான்கூவர் என்ற கப்பல் தலைவரின் ஆட்கள் வந்தபோது அங்கே வளைகுடாவே இல்லையாம், வாசல்வரை ஐஸ்தான். இன்று ஐஸ் நூறு கிலோமீட்டருக்குமேல் பின்வாங்கிவிட்டது. மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் எஞ்சினை அடக்கி நின்றது. அம்மா பால்கனியில் நாற்காலி போட்டு, போர்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய பாளம் இடிந்து விழுந்தது. முதலில் விழுவது தெரிகிறது, சத்தம் அப்புறம்தான் வருகிறது. அப்பா, "டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்ச மாதிரி இருக்குடா" என்றார். முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ் சும்மாவா! அதே மங்கிக் குல்லாதான்.

சரி, நம்ம பயணத்துக்கு வருவோம். என் ஓட்டு ஏஜென்ட்டுக்கு. காரணம் தத்துவம் இல்லை, எண்ணிக்கை. ஒரு குடும்பம், இளவயது, ஏற்கனவே போன வழி, அறை எதுவானாலும் சரி என்றால் நேராக எடுங்கள், தொல்லையில்லை. நாம் முப்பத்தொரு குடும்பம். பாதிப் பேர் இந்தியப் பாஸ்போர்ட், சிலர் அமெரிக்கப் பாஸ்போர்ட், ரெண்டு பேர் ஆஸ்திரேலியா. பதினோரு பேர் வீட்டில் பெரியவர்கள் வருகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். பொதுவாக இங்கே அதற்கு அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாகத்தான் விண்ணப்பிக்கிறோம். கப்பல் நடுவில் வேறு நாட்டைத் தொட்டுவிட்டு சிங்கப்பூருக்கே திரும்புவதால் மறுபடி நுழையும் அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் பார்க்கவேண்டும். நடுவில் தொடுகிற நாட்டின் விதியும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. அதைப் பார்க்க ஒருவர் வேண்டும். என்னை நம்பாதீர்கள், என் சரித்திரம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்திய ஏஜென்ட்டிடம் வெளிநாட்டுச் சுற்றுலாவாக வாங்கினால் டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். அது வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது, பயந்துவிடாதீர்கள், ரசீது மட்டும் வாங்கி வையுங்கள். பணம் யார் பெயரில் பிடிக்கப்படுகிறது என்று முதல் தவணையிலேயே கார்டு ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். கப்பல் கம்பெனி பெயர் வந்தால் நல்லது. ஏஜென்ட் பெயர் வந்தால் எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் புக்கிங் நம்பரை அன்றைக்கே வாங்கி, கம்பெனித் தளத்தில் நம் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பழைய பெரிய நிறுவனம் என்பதற்காக மட்டும் பணத்தைக் கொடுத்துவிடவேண்டாம். 1841ல் ரயில் சுற்றுலாவோடு தொடங்கிய இங்கிலாந்தின் தாமஸ் குக் 2019 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் மூடியது. ஒன்றரை லட்சம் பேரை அந்த நாட்டு அரசாங்கம் விமானம் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதே பெயரில் இருப்பது வேறு கம்பெனி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே வேலை செய்கிற நம் ஜூனியர் யாராவது இங்கே இருந்தால் கோபித்துக்கொள்ளவேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம், இதில்தான் எனக்கு உங்கள் சம்மதம் வேண்டும். பல கப்பல் கம்பெனிகளில் எட்டு அறை, பதினாறு பேர் சேர்ந்தால் அதைக் குழு என்று கணக்கு வைத்து, பதினாறு பேருக்கு ஒருவர் என்று இலவச இடத்தின் மதிப்பைத் தருவார்கள். ஏஜென்ட் கேட்டால் கிடைக்கும். சில ஏஜென்ட்கள் அதைச் சத்தமில்லாமல் தாங்களே வைத்துக்கொள்வார்கள். முப்பத்தொரு குடும்பத்துக்கு அது நாலைந்து இடமாவது வரும். அதை ஏற்பாட்டுக் கமிட்டிக்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். நானும் கமிட்டியில் இருக்கிறேன், எனக்கும் கசக்காது. ஆனால் இன்று காலை முதல்வர் அவர்கள் சொன்னதைக் கேட்டீர்கள். முதல் வருஷத்தில் மெஸ் கட்டணம் கட்டமுடியாமல் இரண்டு பேர் டிசம்பருக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த நாலைந்து இடத்தின் பணத்தை அப்படியே மெஸ் நிதிக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. எதிர்ப்பு இருந்தால் கை தூக்குங்கள்.

(யாரும் கை தூக்கவில்லை. ஒருவர், "புளிக்காய்ச்சல் உண்டா?" என்று கேட்டார்.)

உண்டு. அம்மா தலையாட்டிவிட்டார்கள்.

காபிக்கு அப்புறம் நூலக வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் அத்தனை பேரும், பெரியவர்கள், குழந்தைகள் உள்பட, பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். காலாவதி தேதியைப் பென்சிலால் சுழித்துக் கொடுங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிகிறவர்கள் தனியாக என்னிடம் வாருங்கள்.